விதைகளில் நுண்கற்கள்: வீண் அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

ஸ்கான் அறிக்கையொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஆங்கில வாசகம் ஒன்றின் பொருள் விளங்காது தடுமாறிய அனுபவம் எம்மவர் பலருக்கும் இருக்கக்கூடும். அந்த அறிக்கை ஆணின் விதைகள் பற்றியதாக அமைந்துவிட்டால் தடுமாற்றம் இருமடங்காகிவிடுகிறது. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்ற கூச்சம் ஒருபுறம். கேட்காமலே மனதுக்குள் வைத்துப் புழுங்கும் அச்சம் மறுபுறம். இத்தகைய அச்சத்துக்கு அண்மைக்காலமாக அடிக்கடி காரணமாகிவரும் ஒரு சொற்றொடர் 'டெஸ்டிகியூலர் மைக்ரோலிதியாசிஸ்' என்பதாகும். விதைகளில் நுண்கற்கள் படிந்திருத்தல் என்று அதனைத் தமிழில் கூறலாம்.

திருமணமாகி மூன்று வருடங்களாகியும் குழந்தை கிடைக்காத ஒருவர் வைத்தியரின் ஆலோசனைப்படி ஸ்கான் செய்துகொள்கிறார் என வைத்துக்கொள்வோம். அவருக்கு வலியோ வீக்கமோ எதுவும் இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசி வரியில் 'இரு விதைகளிலும் நுண்கற்கள் காணப்படுகின்றன' என்று எழுதப்பட்டிருக்கிறது. அன்றிரவே அவர் கைத்தொலைபேசியில் அச்சொல்லைத் தேடுகிறார். சில நிமிடங்களுக்குள் 'புற்றுநோய்' என்ற சொல் அவர் கண்முன் வந்து நிற்கிறது. மனைவியிடம் சொல்லவும் மனமில்லை, சொல்லாதிருக்கவும் இயலவில்லை. ஸ்கான் இயந்திரங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் இவ்வாறான நிலைக்கு ஆளாவோர் சிலரல்லர். எனவே இந்த நுண்கற்கள் என்ன, அவை எப்போது பொருட்படுத்தப்பட வேண்டியவை, எப்போது பொருட்படுத்தத் தேவையற்றவை என்பதை நாம் நிதானமாக விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

இவை எவ்வகைக் கற்கள்?

கல் என்றதும் சிறுநீரகக் கல்லே எமது நினைவுக்கு வரும். விதையிலுள்ள நுண்கற்களுக்கும் சிறுநீரகக் கற்களுக்கும் எவ்வித உறவும் இல்லை. விதைக்குள் விந்து உருவாகும் நுண்குழாய்கள் நூற்றுக்கணக்கில் சுருண்டு கிடக்கின்றன. அக்குழாய்களின் உட்புறத்தில் சிதைந்து உதிரும் கலங்களை அகற்றும் பணியையும் அங்குள்ள துணைக்கலங்கள் செய்துவருகின்றன. அப்பணி முழுமையாக நடைபெறாதவிடத்து உதிர்ந்த கலங்களின் எச்சங்கள் தேங்கி, அவற்றின் மீது கல்சியம் படிந்து, அதனைச் சுற்றிப் புரதப் படைகள் அமைந்து இந்த நுண்கற்கள் உருவாகின்றன எனக் கருதப்படுகிறது. இவை 3 மில்லிமீற்றரிலும் சிறியவை. வலியை ஏற்படுத்துவதில்லை, கைக்குத் தட்டுப்படுவதில்லை, சிறுநீரையோ விந்து வெளியேறுவதையோ தடுப்பதில்லை.

ஆகவே இதனை ஒரு நோய் என்பதைவிட, ஸ்கானில் காணப்படும் ஒரு தோற்றம் என்பதே பொருத்தமாகும். 1970 ஆம் ஆண்டில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் எக்ஸ்ரே படத்தில் இத்தகைய கல்சியப் படிவுகள் அவதானிக்கப்பட்டு மருத்துவ ஏட்டில் பதியப்பட்டன. அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் இவற்றின் தோற்றம் 1987 இல் விபரிக்கப்பட்டது. அதன் பின்னர் இயந்திரங்களின் நுணுக்கம் கூடக் கூட, முன்னர் கண்ணுக்குப் படாதவையும் படத் தொடங்கின. இன்று இந்த வாசகம் அறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறுவதற்கு நோய் பெருகியமை காரணமன்று, பார்வை கூர்மையடைந்தமையே முக்கிய காரணமாகும்.

எவ்வாறு கண்டறியப்படுகிறது?

பெரும்பாலும் இவை வேறொன்றைத் தேடும்போது தற்செயலாகவே அகப்படுகின்றன. விதைப்பையில் வலி, நீர் சேர்தல், வெரிகோசீல் எனப்படும் நாளப் புடைப்பு, அடிபட்ட காயம், பிள்ளைப்பேறின்மை ஆகியவற்றுக்காகச் செய்யப்படும் ஸ்கானில் இவை புலப்படுகின்றன. ஒலி அலைகளைக் கொண்டு செய்யப்படும் இந்தப் பரிசோதனையில் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, வலியும் இல்லை. விதையின் சாம்பல் நிறப் பரப்பில் சிறு வெண்புள்ளிகளாக நுண்கற்கள் தெரிகின்றன. பெரிய கற்களின் பின்னால் விழும் கருநிழல் இவற்றின் பின்னால் பொதுவாக விழுவதில்லை.

ஒரே படத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் காணப்பட்டால் அதனை நுண்கற்படிவு என்று கதிரியல் நிபுணர்கள் வரையறுக்கின்றனர். ஐந்துக்குக் குறைவாயின் மட்டுப்படுத்தப்பட்ட அளவு எனக் குறிப்பிடுகின்றனர். 3 மில்லிமீற்றரிலும் பெரிய கல்சியப் படிவுகள் இவ்வகையைச் சேர்ந்தவையல்ல. அவற்றுக்குப் பழைய காயம், பழைய அழற்சி, சில வேளைகளில் தானாகவே கருகிப்போன ஒரு கட்டி என வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதால் அவற்றை வேறாகவே ஆராய வேண்டியுள்ளது.

அறிக்கையைப் பெறும் ஒருவர் புள்ளிகளின் எண்ணிக்கையை மாத்திரம் பார்த்துக் கலங்குவதில் பயனில்லை. அதைவிட முக்கியமான விடயங்கள் அதே அறிக்கையில் உண்டு. முதலாவது, நுண்கற்களுடன் கட்டி ஏதும் காணப்படுகிறதா என்பது. இரண்டாவது, விதைகளின் கனவளவு. வளர்ந்த ஆணொருவரின் விதை 12 மில்லிலீற்றரிலும் சிறியதாக இருந்தால் அது சுருங்கியதாகக் கொள்ளப்படுகிறது. மூன்றாவது, புள்ளிகள் விதையெங்கும் பரவியுள்ளனவா, ஓரிடத்தில் திரண்டுள்ளனவா என்பது. ஓரிடத்தில் திரண்டிருப்பின் அவ்விடத்தை நிபுணர் மேலும் நுணுக்கமாகப் பார்ப்பார். இம்மூன்றையும் வைத்தியரிடம் கேட்டறிவது நோயாளியின் உரிமையாகும்.

புற்றுநோயுடன் தொடர்பு உண்டா?

அச்சத்தின் வேர் இக்கேள்வியிலேயே இருக்கிறது. விதைப் புற்றுநோய் கண்ட பலரின் ஸ்கான் படங்களில் நுண்கற்களும் காணப்பட்டன என்பது உண்மை. புற்றுநோய்க்கு முந்திய கல மாற்றங்கள் காணப்பட்ட விதைகளிலும் இவை அவதானிக்கப்பட்டன. இதனைக் கண்ட ஆரம்பகால ஆய்வாளர்கள் நுண்கற்களைப் புற்றுநோயின் முன்னறிவிப்பாகக் கருதினர். கற்கள் உள்ள அனைவரும் வருடந்தோறும், ஏன் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை கூட, ஸ்கான் செய்ய வேண்டும் என்ற ஆலோசனையும் அக்காலத்தில் வழங்கப்பட்டது.

ஆனால் அக்கணக்கில் ஒரு குறைபாடு இருந்தது. மார்பு நோய் கிளினிக் ஒன்றின் வாசலில் நின்று இருமுவோரை எண்ணிவிட்டு, ஊரிலே இருமுகின்ற எல்லோருக்கும் காசநோய் என்று முடிவு கட்டினால் எப்படியிருக்கும்? கட்டியென்றும் வீக்கமென்றும் வைத்தியசாலைக்கு வந்தவர்களை மாத்திரம் ஸ்கான் செய்து பெறப்பட்ட முடிவுகளும் அத்தகையனவே. எவ்வித முறைப்பாடும் இல்லாத ஆரோக்கியமான ஆண்களில் எத்தனை பேருக்கு இக்கற்கள் உள்ளன என்பதை அறியாமல் ஆபத்தை அளவிட முடியாது.

அந்த இடைவெளியை நிரப்பிய ஆய்வொன்று அமெரிக்காவில் நடைபெற்றது. இராணுவப் பயிற்சிக்கு வந்த, 18 முதல் 35 வயது வரையான 1504 ஆரோக்கியமான ஆண்கள் ஸ்கான் செய்யப்பட்டனர். அவர்களுள் 84 பேரிடம், அதாவது 5.6 வீதமானோரிடம், நுண்கற்கள் காணப்பட்டன என 2001 ஆம் ஆண்டில் அதன் முடிவுகள் வெளியாகின. விதைப் புற்றுநோய் மிக அரிதான ஒரு நோய். ஆனால் நுண்கற்களோ ஏறக்குறைய பதினெட்டுப் பேரில் ஒருவரிடம் உள்ளன. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும், கற்கள் உள்ளவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் புற்றுநோயைக் காணாமலே வாழ்ந்து முடிப்பர் என்பது தெளிவாகும்.

அதே ஆய்வில் மற்றுமொரு விடயமும் வெளிப்பட்டது. நுண்கற்கள் வெள்ளையின இளைஞர்களில் 4 வீதமானோரிடமும், கறுப்பின இளைஞர்களில் 14.1 வீதமானோரிடமும் காணப்பட்டன. ஆனால் அமெரிக்காவில் விதைப் புற்றுநோய் வெள்ளையினத்தவர்களிடமே அதிகம், கறுப்பினத்தவர்களிடம் அது பல மடங்கு குறைவு. கற்களே நோய்க்குக் காரணமாயின் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்த 84 பேரில் 63 பேரின் நிலைமை ஐந்து வருடங்களின் பின்னர் அறியப்பட்டது. அவர்களுள் ஒருவருக்கு மாத்திரமே விதைப் புற்றுநோய் ஏற்பட்டிருந்தது. ஏனைய 98.4 வீதமானோர் நலமாக இருந்தனர் என 2008 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அந்த ஒருவரை நாம் மறந்துவிடலாகாது. ஆனால் அந்த ஒருவருக்காக ஏனைய அனைவரையும் ஆயுள் முழுவதும் ஸ்கான் அறையின் வாசலில் காத்திருக்கச் செய்வதும் முறையாகாது. ஆகவே யாரைக் கண்காணிப்பது, யாரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புவது என்பதே இன்றைய மருத்துவத்தின் கேள்வியாக மாறியுள்ளது.

யாருக்குத் தொடர் கண்காணிப்பு?

சிறுநீர், இனப்பெருக்க உறுப்புகளின் கதிரியலுக்கான ஐரோப்பியச் சங்கம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டல் இதற்குத் தெளிவான விடை தருகிறது. ஏனைய ஆபத்துக் காரணிகள் எதுவுமற்ற ஒருவரிடம் நுண்கற்கள் மாத்திரம் காணப்பட்டால் அவருக்குத் தொடர் ஸ்கான் தேவையில்லை. ஆபத்துக் காரணி உள்ளவர்களுக்கே வருடத்துக்கு ஒருமுறை, 55 வயது வரை, ஸ்கான் செய்யுமாறு அது பரிந்துரைக்கிறது.

அந்த ஆபத்துக் காரணிகள் எவை? முன்னர் ஒரு விதையில் இவ்வகைப் புற்றுநோய் ஏற்பட்டிருத்தல். தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரனுக்கோ இந்நோய் ஏற்பட்டிருத்தல். பிறப்பின்போது விதை பைக்குள் இறங்காதிருந்தமை, அதற்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டமை. 12 மில்லிலீற்றரிலும் சிறிதாகச் சுருங்கிய விதை. இவற்றுள் ஒன்றேனும் உள்ளவர் அதனை வைத்தியரிடம் மறைக்காது தெரிவித்தல் வேண்டும். 'சின்ன வயதில் ஒரு ஒப்பரேஷன் செய்தார்கள், எதற்கென்று தெரியாது' என்று கூறும் இளைஞர்கள் எம்மிடையே உள்ளனர். அது எதற்கான சத்திரசிகிச்சை என்பதைப் பெற்றோரிடம் கேட்டறிந்து செல்வதே பயனுள்ளது.

அமெரிக்க சிறுநீரகவியல் சங்கம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதே திசையிலேயே செல்கிறது. கட்டியோ ஆபத்துக் காரணியோ இல்லாதவிடத்து, தற்செயலாகக் கண்ட நுண்கற்கள் புற்றுநோய் ஆபத்தை அதிகரிப்பதில்லை, மேலதிகப் பரிசோதனையும் தேவையில்லை என்று அது கூறுகிறது. ஆபத்துக் காரணி உள்ளவர்கள் தமது உடலைத் தாமே கவனித்து, வைத்தியரின் தொடர்பிலும் இருக்க வேண்டும் என்பது அதன் ஆலோசனை. வருடாந்த ஸ்கான் பற்றி நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடுகள் இருப்பினும், அனைவரையும் ஸ்கான் செய்துகொண்டேயிருக்கும் பழைய வழக்கத்தை இரு தரப்புகளுமே ஆதரிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பிள்ளைப்பேறின்மைக்காகச் சிகிச்சை பெறுவோர் விடயத்தில் சற்றுக் கூடுதல் அவதானம் தேவைப்படுகிறது. இத்தகைய ஆண்களிடம் நுண்கற்கள் சாதாரணமானோரைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. இரு விதைகளிலும் கற்கள் பரவி, விதைகளும் சுருங்கி, விந்தணுக்களும் குறைந்திருக்கும் ஒருவருக்கு, சிறிய இழையத் துணுக்கொன்றை எடுத்து ஆராயும் பயொப்சி பரிசோதனை தேவையா என்பதை நிபுணர்கள் கூடி ஆராய்வர். இது எல்லோருக்கும் உரிய பரிசோதனையன்று. அதேபோன்று, புற்றுநோயின் தடயங்களைக் காட்டும் குருதிப் பரிசோதனைகளும் நுண்கற்கள் மாத்திரம் உள்ளவருக்குப் பயன்படுவதில்லை. கட்டியொன்று கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அவற்றுக்கு உண்மையான வேலை உண்டு.

இங்கு மற்றொன்றையும் கூறியாக வேண்டும். நுண்கற்கள் இருப்பது ஒருவருக்குக் குழந்தை கிடைக்காது என்பதற்கான சான்றன்று. இக்கற்கள் உள்ள பலர் தந்தையராகியுள்ளனர். விந்துப் பரிசோதனையே அதுபற்றிக் கூறவல்லது. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய அரைவாசிப் பேரிடத்தில் ஆணின் பக்கக் காரணமும் பங்கு வகிக்கிறது என்பதை அறிந்தும், எமது சமூகங்களில் பழி பெண்ணின் தலையிலேயே விழுகிறது. கணவன் தனது அறிக்கையை மறைத்து வைப்பதனால் மனைவி தேவையற்ற பரிசோதனைகளுக்கும் ஏச்சுப் பேச்சுகளுக்கும் ஆளாக்கப்படுகிறாள். இதில் மறைப்பதற்கு எதுவுமில்லை. அறிக்கையை இருவரும் சேர்ந்தே வைத்தியரிடம் கொண்டுசெல்வது இருவருக்கும் நல்லது.

கவனிக்கப்பட வேண்டிய உண்மையான ஆபத்து

நுண்கற்களைக் கண்டு அஞ்சும் நாம், அவற்றைவிடப் பன்மடங்கு முக்கியமான ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அது விதை இறங்காமை ஆகும். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு 1 முதல் 4 பேர் வரை ஒரு விதையேனும் பைக்குள் இறங்காத நிலையில் பிறக்கின்றனர். குறைமாதக் குழந்தைகளில் இது இன்னும் அதிகம். பலருக்கு முதல் சில மாதங்களில் அது தானாகவே இறங்கிவிடும். ஆறு மாதங்களின் பின்னரும் இறங்காவிடின் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டப்பட வேண்டும். ஒன்றரை வயதுக்கு முன்னதாகவே அதனைக் கீழிறக்கும் சத்திரசிகிச்சையைச் செய்து முடிப்பது சிறந்தது எனக் கூறப்படுகிறது.

தாமதத்தின் விலை என்ன என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வொன்று காட்டியது. இச்சிகிச்சை பெற்ற சுமார் 17 ஆயிரம் பேரைத் தொடர்ந்து அவதானித்த அவ்வாய்வின் முடிவுகள் 2007 இல் வெளியாகின. 13 வயதுக்கு முன்னர் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பின்னாளில் விதைப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு ஏனையோரைவிட இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. 13 வயதுக்குப் பின்னர் சிகிச்சை பெற்றவர்களுக்கோ அது ஐந்து மடங்கைத் தாண்டியது. பிள்ளைப்பேற்றுக்கான வாய்ப்பும் தாமதத்தினால் குறைகிறது.

எமது நாட்டில் இதனைக் கண்டறிய விலையுயர்ந்த இயந்திரங்கள் தேவையில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும் தாயின் கைகளுக்கும் பாட்டியின் கண்களுக்கும் இது புலப்படும். தடுப்பூசிக்காகக் கிளினிக் செல்லும்போது குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரியிடமோ 'இரண்டும் இறங்கியிருக்கின்றனவா?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதுமானது. முஸ்லிம் பெற்றோர் தமது பிள்ளைக்குச் சுன்னத்துச் செய்விக்கும் வேளையில் அதைச் செய்யும் வைத்தியரிடம் இதனையும் பார்க்குமாறு கேட்டுக்கொள்ளலாம். அதுவரை எவர் கண்ணிலும் படாத குறையொன்று அன்றேனும் கண்டுபிடிக்கப்படக்கூடும். 'வளர வளரச் சரியாகிவிடும்' என்ற ஆறுதல் வார்த்தை இவ்விடயத்தில் ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் பொருந்தாது.

தன் உடலைத் தான் அறிதல்

நுண்கற்கள் உள்ளவரோ இல்லாதவரோ, தமது உடலின் இயல்பான நிலையை அறிந்து வைத்திருப்பது நன்று. நோயற்ற ஆண்கள் எல்லோரையும் இந்நோய்க்காகக் கிரமமாகப் பரிசோதிப்பதால் பெரும் பயன் இல்லை என அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2011 இல் கருத்துத் தெரிவித்தது. ஆனால் மாற்றம் ஒன்றைக் கண்டவர் தாமதிக்கலாம் என்று எவருமே கூறவில்லை. ஆபத்துக் காரணி உள்ளவர்கள் மாதம் ஒருமுறை தம்மைத் தாமே பரிசோதித்துக்கொள்வது எளிய காரியம். இளஞ்சூட்டு நீரில் குளித்த பின்னர் விதைப்பை தளர்ந்திருக்கும் வேளையில், ஒவ்வொரு விதையையும் பெருவிரலுக்கும் ஏனைய விரல்களுக்கும் இடையே மெதுவாக உருட்டிப் பார்த்தால் போதும். ஒரு விதை மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகவோ தாழ்ந்தோ இருப்பது இயல்பே. விதையின் பின்புறத்தில் மிருதுவான கயிறு போன்று தட்டுப்படுவது விந்தைக் கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதி. அதுவும் இயல்பானதே.

கடினமான, பெரும்பாலும் வலியற்ற ஒரு கட்டி, ஒரு விதை முன்பைவிடப் பருத்தல், பையில் பாரம் தொங்குவது போன்ற உணர்வு ஆகியன தோன்றினால் நாட்களை எண்ணிக்கொண்டிருக்காமல் வைத்தியரை நாட வேண்டும். வலி இல்லையே என்ற எண்ணமே இந்நோயில் பலரைத் தாமதப்படுத்துகிறது. இதற்கு மாறாக, இளைஞர் ஒருவருக்கோ சிறுவனுக்கோ விதையில் திடீரெனக் கடும் வலி எழுந்தால் அது வேறொரு அவசர நிலையாக இருக்கலாம். விதை முறுக்கிக்கொண்டு குருதியோட்டம் தடைப்படும் இந்நிலையில் ஏறக்குறைய ஆறு மணித்தியாலங்களுக்குள் சிகிச்சை கிடைத்தாலே விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருப்பது விதையை இழப்பதில் முடியலாம்.

கட்டி என்றே உறுதியானாலும் நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. ஸ்கானும் குருதிப் பரிசோதனையும் செய்யப்பட்ட பின்னர், அடிவயிற்றின் கவட்டுப் பகுதியூடாகச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு நோயுற்ற விதை அகற்றப்படுகிறது. விதைப்பையினூடாக ஊசி செலுத்திச் சோதிப்பது நோய் பரவ வழிசெய்யக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகிறது. எஞ்சிய ஒரு விதை ஆரோக்கியமாயின் இல்லறத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பொதுவாக அதுவே போதுமானது. சிகிச்சைக்கு முன்னர் விந்தைச் சேமித்து வைக்கும் வசதி பற்றியும் கேட்டறியலாம். பிளாட்டினம் உலோகத்தைக் கொண்ட சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை ஏனைய மருந்துகளுடன் சேர்த்து 1974 இல் அமெரிக்க வைத்தியர் லோரன்ஸ் ஐன்ஹோர்ன் பயன்படுத்தத் தொடங்கியதன் பின்னர், உடலெங்கும் பரவிய நிலையிலும் குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்களுள் ஒன்றாக இது மாறியது. இன்று மேலைநாடுகளில் இந்நோய் கண்ட நூறு பேரில் ஏறக்குறைய 95 பேர் ஐந்து வருடங்களின் பின்னரும் உயிர்வாழ்கின்றனர்.

ஐவரி கோஸ்ட் நாட்டின் கால்பந்தாட்ட வீரர் செபஸ்டியன் ஹாலருக்கு 2022 ஜூலையில் விதைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சத்திரசிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் பெற்ற அவர் 2023 ஜனவரியில் மீண்டும் மைதானத்துக்குத் திரும்பினார். 2024 பெப்ரவரியில் ஆபிரிக்கக் கிண்ண இறுதிப் போட்டியில் தமது நாட்டுக்கான வெற்றிக் கோலை அடித்தவரும் அவரே. நோயை மறைக்காது உலகறியக் கூறியதனால் அவருக்கு எந்த மதிப்பும் குறைந்துவிடவில்லை.

கல்லுருக்கியும் வேண்டாம், களிம்பும் வேண்டாம்

நுண்கற்களைக் கரைப்பதற்கு மருந்து கிடையாது. அது தேவையும் இல்லை. சிறுநீரகக் கல்லுக்கு எமது ஊர்களில் கைகண்ட மருந்தாகச் சொல்லப்படும் கல்லுருக்கியும் வாழைத்தண்டுச் சாறும் விதையிலுள்ள கற்களை எதுவும் செய்யப்போவதில்லை. பாலையும் மீனையும் தவிர்ப்பதனால் இக்கற்கள் குறைந்துவிடுவதும் இல்லை. அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதாலும் பயனில்லை. ஆண்மைக் குறைவுக்கென விளம்பரம் செய்யப்படும் லேகியங்களும் எண்ணெய்களும் பணத்தைக் கரைக்குமேயன்றிக் கல்லைக் கரைக்கமாட்டா. இக்கற்களால் இல்லற வாழ்வுக்கு இடையூறு ஏற்படுவதில்லை. அவை தொற்றுவதும் இல்லை. எந்தத் தவறான நடத்தையின் விளைவாகவும் அவை தோன்றுவதில்லை என்பதையும் அழுத்திக் கூற வேண்டியுள்ளது. திருமணப் பேச்சுக்கால்களில் இதனை ஒரு குறையாகக் கருதுவதற்கும் நியாயம் எதுவுமில்லை.

ஆபத்துக் காரணியற்ற ஒருவர் வருடந்தோறும் தனியார் நிலையங்களில் ஸ்கானுக்காகச் செலவிடும் பணம் அவரது குடும்பத்துக்கு வேறு வழிகளில் பயன்படக்கூடியது. அதனிலும் பெரியது, ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதி நெருங்கும்போது அவர் படும் மன உளைச்சல். மறுபுறத்தில், ஆபத்துக் காரணியுள்ள ஒருவர் கண்காணிப்பைக் கைவிடுவதும் தவறே. அத்தகையோர் தமது பிரதேச அரசாங்க வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்கை இலவசமாகவே நாடலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குத்தான் செல்ல வேண்டும் என்ற நிலையும் இன்றில்லை. வடபகுதி மக்களுக்குத் தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் வைத்தியசாலை இயங்கிவருகிறது.

அறிக்கையை எழுதும் கதிரியல் நிபுணர்களிடமும் அதனை நோயாளியிடம் கையளிக்கும் வைத்தியர்களிடமும் நாம் கேட்பது ஒன்றுண்டு. நோயாளிக்கு விளங்காத சொல்லொன்றை எழுதிக் கொடுத்துவிட்டு அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள். 'கட்டி எதுவும் இல்லை, உங்களுக்கு ஆபத்துக் காரணியும் இல்லை, மாற்றம் ஏதும் தெரிந்தால் மாத்திரம் வாருங்கள்' என்ற மூன்று வாசகங்கள், அவரது தாய்மொழியில் கூறப்பட்டால், ஒரு குடும்பத்தின் பல மாத உறக்கத்தை மீட்டுத்தரும். தமிழ் பேசும் நோயாளி தமிழில் விளக்கம் பெறுவது சலுகையன்று, அது சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

வாசகர்களிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுதான். அறிக்கையில் இச்சொல்லைக் கண்டால் இரவோடிரவாகத் தேடித் திகிலடையாமல், வைத்தியரிடம் சென்று கேளுங்கள். கட்டி இருக்கிறதா, விதையின் அளவு என்ன, எனக்கு ஆபத்துக் காரணி உண்டா, மீண்டும் எப்போது வர வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் அந்த அறிக்கை வெறும் காகிதமாகிவிடும். வீட்டில் ஆண் குழந்தை இருந்தால் அதன் இரு விதைகளும் இறங்கியுள்ளனவா என்பதை இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.